காற்றைக் குடித்து மட்டும் வாழுமா அயனாந்தா?

"மண்ணு வேண்டாம், தொட்டி வேண்டாம், தண்ணிகூட வேண்டாம். சும்மா தொங்கவிட்டாப் போதும்." அயனாந்தா மாதிரி மண் இல்லாமல் வளர்கிற ஏர் பிளான்ட் செடிகளை விற்கிற இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மண்ணும் தொட்டியும் வேண்டாம் என்பது நிஜம். தண்ணீர் வேண்டாம் என்பது சுத்தப் பொய். அந்தப் பேச்சை நம்பி வாங்கியவர்கள் வீட்டில் செடி என்றைக்கோ காய்ந்திருக்கும். ஆனால் காய்ந்தது வெளியே தெரியாது. இலை நரைத்த நிறம், விறைப்பான உருவம். அதனால் செத்த பிறகும் பல வாரம் உயிரோடு இருக்கிற மாதிரியே அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கீழே பட்டறை, மேலே வீடு. மாடியில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல், அதை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பால்கனி. அந்த இடம் முழுக்க இப்போது அயனாந்தாதான். முழுப் பெயர் டில்லாண்ட்சியா அயனாந்தா. டில்லாண்ட்சியாவில் 600-க்கு மேல் இனங்கள் உண்டு. மண்ணே இல்லாமல் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் அதில் ஒன்று. பெயரில்தான் மாஸ், உண்மையில் அது பாசி கிடையாது, பூக்கிற செடி. சுருண்ட அகல இலைகளோடு கால்பந்து அளவுக்கு வளரும் ஜெரோகிராஃபிகா இன்னொன்று. இவை எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆனால் சேலத்தில் வீட்டுக்குள் ஒருவர் புதிதாக வளர்க்க ஆசைப்பட்டால் அயனாந்தாவைத்தான் கையில் கொடுப்பேன். உள்ளங்கைக்குள் அடங்கும். வெயிலும் கொஞ்சம் தாங்கும், மறதியும் கொஞ்சம் தாங்கும். பூக்கும்போது அது போடுகிற நிறத்தை வேறு எந்தச் செடியிலும் நான் பார்த்ததில்லை.

இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள மத்திய அமெரிக்க நாடுகளும். அங்கே மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் காடுகளில், இலை உதிர்க்கும் மரங்களின் கிளைகளில், சில இடங்களில் வெறும் பாறையிலும் ஒட்டி வளர்கிறது. 1855-இல் பிளான்ஷோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதை முறையாக விவரித்துப் பெயர் வைத்தார். குடும்பம் எது தெரியுமா? அன்னாசிக் குடும்பம். கொல்லிமலை அன்னாசியும் இதுவும் பங்காளிகள். அன்னாசிச் செடியின் நடுக்குருத்தை மேலிருந்து பார்த்துவிட்டு அயனாந்தாவைப் பாருங்கள், அதே அடுக்கு, அதே சுற்று. இந்தக் குடும்பமே அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு இனம் தனியாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. அன்னாசியும் போர்த்துகீசியர் கொண்டுவந்து சேர்த்ததுதான்.

அப்படியானால் நம் மலைகளில் மரக்கிளையில் வாழ்கிற செடியே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. சேர்வராயன் மலையில் அந்த இடத்தை ஆர்க்கிட்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பண்ணையே இருக்கிறது. ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வர வேண்டும். மரத்தில் ஒட்டும் ஆர்க்கிட்டின் வேர் வெள்ளையாக, தடித்து, காற்றில் தொங்கும். மழையும் பனியும் பட்டால் அந்த வேரின் மேலுறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதாவது ஆர்க்கிட் வேரால் குடிக்கிறது. டில்லாண்ட்சியா இலையால் குடிக்கிறது. அயனாந்தாவின் வேர் பிடிமானத்துக்கு மட்டும்தான். கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. வேரை ஒட்ட நறுக்கினாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்து வீட்டு அம்மா முதல்முறை இதைப் பார்த்தபோது கேட்டது நியாயமான கேள்வி. "ஏனுங்க தம்பி, இது புல்லுருவியா? மாமரத்துல ஏறுச்சுன்னா மரத்தையே தின்னுடுமே." மாம்பழத்து ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். புல்லுருவி மரத்தின் பட்டைக்குள் வேர் மாதிரி ஒன்றை இறக்கி, மரம் மேலே ஏற்றுகிற தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிவிடும். நம் பக்கத்துத் தோப்புகளில் கிளை கிளையாக வெட்டி எறிய வேண்டியிருக்கும். அயனாந்தா அப்படி இல்லை. மரத்தில் அதற்கு வேண்டியது உட்கார ஓர் இடம். மரத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுப்பதில்லை. அதனால்தான் கல்லிலும் வளர்கிறது, மரக்கட்டையிலும் வளர்கிறது, நூலில் தொங்கவிட்டாலும் வளர்கிறது.

அதே அம்மா அடுத்து கேட்டது: "அப்ப இது நம்ம ஆகாச கருடன் மாதிரிதானே?" வாசலில் ஆகாச கருடன் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது கொடி விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஆகாச கருடன் தன் கிழங்குக்குள் சேர்த்து வைத்த தண்ணீரையும் மாவுச்சத்தையும் செலவழித்துத்தான் துளிர்க்கிறது. சேமிப்பு தீர்ந்தால் கிழங்கு சுருங்கிப் போய்விடும். அயனாந்தாவுக்குக் கிழங்கு இல்லை. இலையில் கொஞ்சம் சதைப்பற்று உண்டு, அது சில நாள் தாக்குப்பிடிக்கத்தான் ஆகும். மேலே விழுகிற மழை, பனி, ஈரக்காற்று, அதில் கரைந்து வருகிற தூசி, இவைதான் அதன் சாப்பாடு. மழையும் பனியும் நம் ஜன்னலுக்குள் வராது. வராத இடத்தில் நாம்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

இதை எப்படிக் குடிக்கிறது என்று கண்ணால் பார்க்க எனக்கு ஒரு வசதி இருக்கிறது. பட்டறையில் பற்றவைப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்திருக்கிறோம். காலையில், செடிக்குத் தண்ணீர் காட்டுவதற்கு முன்னால், ஓர் இலையை அந்த லென்ஸுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்குச் சாம்பல் பூத்த மாதிரித் தெரிகிற மேற்பரப்பு, லென்ஸில் தனித்தனிச் செதில்களாகப் பிரியும். ஒவ்வொன்றும் விளிம்பு பிசிறிய சின்ன வட்டம். ஒன்றோடு ஒன்று நெருக்கி, இலை முழுக்க வேய்ந்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். நாள் முழுக்க வெள்ளியோடு இருக்கிறவன் சொல்கிறேன், மெருகு போடுவதற்கு முந்தின வெள்ளிக்கு ஒரு மங்கல் வெண்மை உண்டு, அதே நிறம்.

இப்போது அந்த இலையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். சொட்டு உருண்டு ஓடாது. இலைமேல் பரவி, செதில்களுக்கு அடியில் ஓடும். அது பரவப் பரவ வெள்ளை மறைந்து, அடியில் இருக்கிற பச்சை மேலே வரும். கண் சிமிட்டுகிற நேரம்தான் ஆகும். அந்தச் செதிலுக்கு ட்ரைகோம் என்று பெயர். மேலே இருக்கிற வட்டத்தின் செல்கள் எல்லாம் முதிர்ந்து, உள்ளீடில்லாமல் போனவை. அவற்றைத் தாங்குகிற காம்பின் செல்கள் மட்டும் உயிருள்ளவை. ஈரம் பட்டதும் வட்டத்தின் நடுச்செல்கள் ஊதி நிமிர்கின்றன, அவற்றுக்குள் ஏறிய தண்ணீர் காம்பு வழியாக இலைக்குள் இறங்குகிறது. காய்ந்ததும் அதே வட்டம் தட்டையாகி வழியை மூடிவிடுகிறது. உள்ளே போன தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகாது. அதோடு, காய்ந்திருக்கும்போது வெள்ளையாக இருப்பதால் வெயிலையும் திருப்பி அடிக்கிறது. குடிக்கிற வாயும் அதுதான், குடையும் அதுதான். இதை முதலில் லென்ஸில் பார்த்தபோது பட்டறையில் இருந்த பையன்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

டில்லாண்ட்சியா என்ற வகைப் பெயரை வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸுக்கே இந்தச் செடிகளைப் பற்றித் தப்பான எண்ணம் இருந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்று ஒரு மருத்துவர், தாவரவியலாளர் இருந்தார். கடல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல், தண்ணீரைத் தவிர்த்து நிலம் சுற்றியே ஊர் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. தண்ணீரை விரும்பாத செடி என்று நினைத்து லின்னேயஸ் அவர் பெயரை இந்த வகைக்கு வைத்தாராம். பிழை அவ்வளவு பழசு. தண்ணீரை இந்தச் செடி வெறுப்பதில்லை. தன் மேல் தண்ணீர் தேங்கி நிற்பதைத்தான் தாங்காது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் போதும், மீதி வளர்ப்பு எல்லாம் தன்னால் வந்துவிடும்.

ஏன் தேங்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, இலைகள் ஒன்றை ஒன்று சுற்றி அடுக்கியிருப்பதால் நடுவில் நின்ற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல், அடிக்குருத்து அழுகிவிடும். இன்னொன்று மூச்சு. பகலில் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் ஈரம் எல்லாம் ஆவியாகிப் போய்விடும் என்பதால், டில்லாண்ட்சியா ராத்திரியில்தான் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கிறது. அதை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில், துளைகளை மூடிய நிலையிலேயே உணவு தயாரிக்கிறது. நம் வாசலில் தலைகீழாகக் கட்டுகிற கற்றாழையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது காயாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அயனாந்தாவுக்குச் சாயங்காலம் தண்ணீர் காட்டினால், ராத்திரி மூச்சு விடுகிற நேரத்தில் இலைமேல் தண்ணீர்ப் படலம் நிற்கும், காற்று உள்ளே போகாது. ஆகவே காலையில்தான் தண்ணீர். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி நனைக்கிறவர்களுக்குச் செடி ஏன் கறுத்துப் போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நான் செய்வது இது. அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி, செடியை அப்படியே முழுக 20 நிமிடம் போட்டு வைப்பேன். எடுத்து, தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுவேன். உதறுவதில் சோம்பல் கூடாது, நடுவில் நின்ற தண்ணீர் தெறித்து வர வேண்டும். அப்புறம் பழைய சல்லடைமேல் சாய்த்து வைத்துவிடுவேன். நான்கு மணி நேரத்துக்குள் அடிவரை காய்ந்திருக்க வேண்டும், காயவில்லை என்றால் ஃபேன் போட்டுவிடுவேன். காய்ந்தபின்தான் அதன் இடத்துக்குப் போகும். சாதாரண நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை இது போதும். மாசியிலிருந்து வெயில் ஏறும்போது வாரத்துக்கு இரண்டு முறை. கத்திரியில் சேலம் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் மூன்றாகும், நடுவில் காலை வேளையில் ஸ்பிரேயும் உண்டு. வெறும் ஸ்பிரேயை மட்டும் நம்பி வளர்ப்பது நம் ஊரில் நடக்காது. காய்ந்த காற்று அந்தத் துளிகளைச் செடி குடிப்பதற்கு முன்னாலேயே குடித்துவிடும். ஐப்பசி மழையில் கதை தலைகீழ். நனைத்தால் காயவே மாட்டேன் என்கிறது, காற்றிலேயே ஈரம். அப்போது பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும்.

செடிக்குத் தாகம் என்பதை அதுவே காட்டும். இலையின் இரண்டு விளிம்பும் உள்பக்கமாக மடங்கி வாய்க்கால் ஆகும், நுனி பழுப்பாகும், தொட்டால் லேசாக இருக்கும். இந்த நிலையில் ராத்திரி கடந்தாலும் பரவாயில்லை, காலையில் சில மணி நேரம் முழுக்கி வைத்தால் பெரும்பாலும் மீண்டு வரும். அழுகல் வந்தால் மீளாது. அடி கறுத்து, நடு இலையை இழுத்தால் சுளையாகக் கையோடு வந்துவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒருநாள் காயப்போடுங்கள்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது சேலத்துக்காரர்களுக்குப் பெரிய விஷயம். இது வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டி எடுக்கிற ஊர், நிலத்தடித் தண்ணீரில் உப்பு அதிகம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் பிடித்த பக்கெட்டில் வெள்ளைக் கறை ஏறி, தேய்த்தாலும் போகாது. அந்தக் கறை அயனாந்தாவின் செதில்மேல் படிந்தால் என்ன ஆகும்? வாய் அடைபடும். லென்ஸில் பார்த்தால் செதில்களுக்கு நடுவே உப்புத் துகள் ஒட்டியிருப்பது தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர் செடி நல்ல வெள்ளையாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவார். நனைத்ததும் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். நனைத்தும் வெள்ளையாகவே நின்றால் அது செதில் இல்லை, உப்பு. மேட்டூரிலிருந்து வருகிற காவிரித் தண்ணீர் பரவாயில்லை. அதையும் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் வாசம் போனபின் பயன்படுத்துவேன். எல்லாவற்றிலும் மேல் மழைத்தண்ணீர். 2003-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது எங்கள் அப்பா வைத்த குழாய் இன்னும் இருக்கிறது. முதல் மழையில் மாடித் தூசியெல்லாம் அடித்துக்கொண்டு போக விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து ஒரு டிரம்மில் பிடித்து, மூடி, கொசு புகாமல் துணி கட்டி வைப்பேன். சமையலுக்கு வாங்குகிற ஆர்ஓ தண்ணீரும் ஆகும். உப்புப் போட்டு மென்மையாக்கிய தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

உரம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாதம் ஒருமுறை, ஆர்க்கிட்டுக்கு என்று விற்கிற உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்வாசி மட்டும் கலந்து, முழுக்குகிற தண்ணீரிலேயே கொடுத்தால் போதும். உரப் பாக்கெட்டில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். இந்தச் செடிக்குச் செம்பு விஷம். மற்ற செடிகளில் வேரும் மண்ணும் கொஞ்சம் தடுத்து நிறுத்தும், இதற்கு அந்தத் தடுப்பு இல்லை, மேலே பட்டது உள்ளே போய்விடும். எங்கள் பட்டறையில் கையை நீட்டினால் கிடைப்பது செம்புக் கம்பி. வளைக்கச் சுலபம், பார்க்கவும் அழகு, செடியைக் கட்டுவதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். அதைப் பக்கத்திலேயே கொண்டுபோக மாட்டேன். வெள்ளிக் கம்பியில் கட்டித் தரச் சொல்லி ஒருவர் கேட்டார். 925 வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்புதான் என்று சொல்லி மறுத்துவிட்டேன். தூண்டில் நரம்புதான் நல்லது. கண்ணுக்கும் தெரியாது, மட்காது, எந்த உலோகமும் இல்லை.

கட்டுவதற்கு எனக்குப் பிடித்தது காப்பிக் கட்டை. அக்கா வீடு ஏற்காட்டில். மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. கவ்வாத்து நேரத்தில் வெட்டிப்போடுகிற தடித்த கிளைகளில் கணுவும் வளைவுமாக இருப்பதைப் பொறுக்கிக்கொள்வேன். தோட்டத்தில் மருந்து அடித்த கிளையைத் தொடுவதில்லை. வீட்டுக் கொல்லையில் மருந்து படாமல் நிற்கிற பழைய செடிகளிலிருந்துதான் எடுப்பேன். பட்டையை முழுக்க உரித்து, ஒரு மழைக்காலம் வெளியில் போட்டு வைத்தால் கட்டை வெளுத்து இறுகிவிடும். சீக்கிரம் மட்காது. அயனாந்தாவின் அடியைக் கட்டையோடு சேர்த்துக் கட்டும்போது அடியில் பாசியோ தேங்காய் நாரோ வைக்காதீர்கள். அழகுக்கு வைப்பார்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்து அடியை அழுக வைக்கும். செடியைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினால் நடுவில் தண்ணீர் நிற்காது.

மாமா ஒருமுறை கேட்டார். "ஏன் மாப்ளே, இதைக் கொண்டுவந்து சில்வர் ஓக்ல கட்டி விட்டா என்ன? மொளகுக்குப் பக்கத்துல அதுபாட்டுக்கு வளரட்டுமே."

"வேண்டாம் மாமா. மழைக்கு முன்னாடி போர்டோ அடிப்பீங்கல்ல, அது தெறிச்சாலே போச்சு."

"போர்டோ நல்லதுக்குத்தானே அடிக்கிறோம்."

"காப்பிக்கும் மொளகுக்கும் நல்லது. இது இலையாலயே குடிக்குது மாமா. மயில்துத்தம் மேல பட்டா அப்படியே உள்ள இறங்கிடும்."

போர்டோ கலவையில் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தம் என்பது செம்புதான். காப்பி இலைத்துருவுக்கும் மிளகு வாடலுக்கும் அது இல்லாமல் தோட்டம் நடத்த முடியாது. ஆகவே அயனாந்தாவுக்குத் தோட்டம் வேண்டாம், வீட்டுத் தாழ்வாரம் போதும் என்று முடிவு செய்தோம். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கோ அமெரிக்காவிலிருந்து அழகுக்கு வந்த உண்ணிச்செடி சேர்வராயன் மலைச்சரிவுகளில் எப்படிப் பரவிக் கிடக்கிறது என்று பார்த்தவர்கள், இன்னொரு வெளியூர்ச் செடியைக் காட்டு மரத்தில் கட்டத் துணியக் கூடாது. அந்தக் கிளைகள் ஆர்க்கிட்டுக்குச் சொந்தம்.

அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்குவது என் பால்கனிச் செடியின் கன்றுகள்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே செடி என்று சொல்ல முடியாது. சேலத்துச் செடி கட்டையாக, இறுக்கமாக, வெள்ளை தூக்கலாக இருக்கும். ஏற்காட்டுச் செடிக்கு இலை நீளம், பச்சை தூக்கல். 1,500 மீட்டர் உயரத்தில் குளிரும் மஞ்சும் அதற்குப் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. மஞ்சு இறங்கிய மாதங்களில் அக்கா தண்ணீரே காட்டுவதில்லை. அங்கே அவர்களுடைய கவலை காய்வதுதான். மூன்று நாள் தொடர்ந்து மஞ்சு மூடினால் செடியை எடுத்துச் சமையலறைப் பக்கம் காற்றாட வைக்கிறார்கள். வெளிச்சத்திலும் அப்படித்தான். ஏற்காட்டில் காலை வெயில் நேராகப் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இங்கே ஒன்பது மணிக்கு மேல் நேர் வெயில் பட்டால் இலை கருகும். கிழக்கு ஜன்னல் ஏன் என்றால் அதனால்தான். மேற்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் பச்சை வலை கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து விற்பதை வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். நம் வெயிலுக்கு அது வேகவைக்கிற பாத்திரம்.

என் செடிகள் பெரும்பாலும் மார்கழி, தையில் பூக்கின்றன. பூவுக்கு முன்னால் இலைகள் சிவக்கும். நடுக்குருத்தில் ஒரு செம்மை தெரியும், அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பரவி, மேல்பாதி முழுக்கச் சிவந்துவிடும். அப்புறம் ஒரு காலையில் நடுவிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனியில் மஞ்சள் மகரந்தம். சிவப்பு, ஊதா, மஞ்சள், அடியில் வெள்ளி. ஒரு விரல் அகலத்துக்குள் இத்தனையும். குழாய்ப்பூ என்பதால் அதன் ஊரில் தேன் குடிக்க ஓசனிச்சிட்டு வரும். நம் ஊரில் அந்தப் பறவை கிடையாது. என் பால்கனிக்குத் தேன்சிட்டு வந்து மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுப் போவதுண்டு, ஆனால் இதுவரை காய் பிடித்ததில்லை. பூ சில நாள்தான் நிற்கும். அந்த நாட்களில் செடியை முழுக்காமல் இலைக்கு மட்டும் தண்ணீர் காட்டுங்கள், பூவுக்குள் தண்ணீர் போனால் சீக்கிரம் அழுகும்.

ஒரு செடி வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் தாய் மெல்ல ஓய்ந்துபோகும். அதற்குள் அடியில் கன்றுகள் வந்துவிடும். வாழையடி வாழைதான், குலை தள்ளிய மரம் போனாலும் கட்டை போவதில்லை. பூ முடிந்ததும் தாய் நிறம் மங்குகிறதே என்று தூக்கி எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் அது கன்றுகளுக்குச் சத்து கொடுத்துக்கொண்டிருக்கும். கன்று தாயில் பாதி அளவு வந்தபின் வேண்டுமானால் பிரிக்கலாம். அடியைப் பிடித்து லேசாகத் திருகினால் கழன்று வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். நான் பெரும்பாலும் பிரிப்பதில்லை. பிரிக்காமல் விட்டால் கன்றுக்குக் கன்று பிறந்து, கட்டையைச் சுற்றி ஓர் உருண்டையாகிவிடும். அந்த உருண்டையில் நாலைந்து ஒரே வாரத்தில் சிவந்து பூத்தால் பட்டறைக்கு வருகிற வியாபாரிகள் கொலுசை மறந்துவிட்டு மாடிக்கு வருகிறார்கள். ஒன்று மட்டும் கவனம், உருண்டை பெரிதாக ஆக நடுவில் காற்றோட்டம் குறையும். உதறுவதும் உலர்த்துவதும் இன்னும் அதிகம் வேண்டும். உள்ளே காய்ந்த இலைகளைக் குறடால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்துவிடுவேன்.

வாங்கும்போது அடியை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். நடு இலை பச்சையாக இருக்க வேண்டும். அசாதாரணச் சிவப்பாக, ஒரே மாதிரிப் பளபளப்பாக இருந்தால் சாயம் பூசியிருக்கலாம். சாயம் பூசிய செடியால் குடிக்க முடியாது. கூரியரில் வந்த செடியைப் பெட்டியைப் பிரித்ததும் அடுத்த காலையே முழுக்கி, உலர்த்திவிடுங்கள். நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஜெரோகிராஃபிகாவைக் குவாத்தமாலாக் காடுகளிலிருந்து அள்ளி அள்ளி விற்றதால்தான் அதை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் ஆக்கினார்கள். அயனாந்தா அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் காட்டிலிருந்து பிடுங்கியதைவிடக் கன்றிலிருந்து வளர்த்தது நம் வீட்டில் நன்றாகத் தேறும்.

வாங்கவே வேண்டாம், தெரிந்தவர்களிடம் கன்று கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். என்னிடம் கேட்டு வருகிற சொந்தக்காரர்களுக்குத் தை மாதத்துக்கு மேல் பிரித்துக் கொடுக்கிறேன். கொடுக்கும் முன்னால் இரண்டு விஷயம் கேட்பேன்: வீட்டில் எந்தப் பக்கத்து ஜன்னல், எந்தத் தண்ணீர். போர் தண்ணீர்தான் என்றால் கன்றோடு ஒரு கேன் மழைத்தண்ணீரும் சேர்த்து அனுப்புகிறேன்.